பகல் 11 மணிக்கு மட்டும் டிவி நின்றுபோகிறது: கோளாறு தட்டிலா, மேலேயா?

முகப்புத்திண்ணை | செப்டம்பர் 27, மாலை 6:40

கானாடுகாத்தானிலிருந்து எழுதுகிறேன். ஐந்து புள்ளிக்கு, அதாவது ஐந்து குடும்பத்துக்குப் பொதுவான வீடு. பங்காளிகள் சென்னை, கோவை, கோலாலம்பூர் என்று போய்விட்டதால் வளவில் இப்போது நானும் அப்பத்தாவும் மட்டும்தான். சுவரில் துளை போடக் கூடாது என்பது பங்காளிகளின் ஏகமனதான முடிவு. வேறு எதிலும் அவர்கள் ஏகமனதாக இருந்ததில்லை. ஆனால் சொல்வது நியாயம்தான். அந்தக் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சில் ஓர் ஆணி அடித்தால் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து வரும். அதனால் டிஷ் தட்டை இரும்பு ஸ்டாண்டில் மாட்டி மொட்டைமாடியில் வைத்து, காற்றுக்கு நகராமல் இருக்க ஸ்டாண்டின் காலில் பழைய ஆட்டுக்கல்லை ஏற்றி வைத்திருக்கிறேன்.

இப்போது என்ன பிரச்சினை என்றால், மூன்று நாளாகப் பகல் 11 மணிக்குச் சற்றுப் பின்னால் படம் கட்டம் கட்டமாக உடைந்து, சிக்னல் இல்லை என்று எழுத்து வந்து நின்றுவிடுகிறது. ஐந்தாறு நிமிடம் கழித்துத் தானாகவே வருகிறது. மழை இல்லை, மேகம்கூட இல்லை. நல்ல வெயில். நேற்று ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் வந்தபோது மணி 12. படம் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் எல்என்பி (தட்டின் முன்னால் சிக்னலை வாங்குகிற கருவி) வீக் என்று சொல்லிப் புதிதாக ஒன்றை மாட்டி 450 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். இன்று 11:01க்கு மறுபடியும் அதே கதை.

"மேலே இருக்கிற சாமானுக்கு வெயில் தாங்கலையாக்கும்" என்கிறார் அப்பத்தா, செயற்கைக்கோளைத்தான் சொல்கிறார். கூடவே, "அது கீழே விழாம எப்படிடா அங்கேயே நிக்குது?" என்றும் கேட்டார். இரண்டுக்குமே எனக்குப் பதில் தெரியவில்லை.

பாதிநம்பிக்கை | செப்டம்பர் 27, இரவு 7:15

அப்பத்தா கேட்டதுதான் சரியான கேள்வி. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று டன் சாமான் கயிறும் தூணும் இல்லாமல் நிற்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், நாமும் மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினோம். யார் போய்ப் பார்த்தது? நான் இல்லை என்று சொல்லவில்லை, விளக்கினால் நம்புகிறேன்.

தட்டுக்காரர் | செப்டம்பர் 27, இரவு 8:02

காரைக்குடியில் 18 வருடமாகத் தட்டு மாட்டுகிறேன். அண்ணே, உங்கள் எல்என்பியில் ஒன்றுமே இல்லை. அந்த 450 ரூபாய் போனது போனதுதான்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் தட்டு 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே நிற்கிற செயற்கைக்கோளைப் பார்க்கிறதா? அதாவது தென்கிழக்கில், கொஞ்சம் கிழக்கே தள்ளி? அப்படியென்றால் இது சூரியன் செய்கிற வேலை. வருடத்துக்கு இரண்டு தடவை வரும். எங்கள் ஆட்கள் இதை 'சன் அவுட்டேஜ்' என்போம். அந்த வாரம் முழுக்க போன் வந்துகொண்டே இருக்கும், போய் நின்றால் படம் நன்றாக ஓடும்.

முகப்புத்திண்ணை | செப்டம்பர் 27, இரவு 8:20

ஆமாம், 93.5தான். பெட்டியின் அமைப்புகளில் அப்படித்தான் காட்டுகிறது. ஆனால் தம்பி, ஒரு சந்தேகம். தட்டின் முகம் எதிர்வீட்டு மச்சுக்குக் கொஞ்சம் மேலேதான் பார்க்கிறது. 11 மணிச் சூரியன் ஏறக்குறைய உச்சியில் இருக்கும். தட்டு பார்க்கிற இடம் வேறு, சூரியன் இருக்கிற இடம் வேறு ஆயிற்றே?

தட்டுக்காரர் | செப்டம்பர் 27, இரவு 8:51

இதைக் கேட்கிற முதல் ஆள் நீங்கள்தான். பத்து வீட்டில் ஒன்பது வீட்டில் 'தட்டு எங்கே பார்க்குதோ அங்கேதான் சேட்டிலைட் இருக்கு' என்று நினைக்கிறார்கள்.

நம் வீட்டுத் தட்டு முழு வட்டக் கிண்ணம் இல்லை. ஒரு பெரிய கிண்ணத்தின் ஓரத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் எல்என்பி நடுவில் நிற்காமல் கீழேயிருந்து நீளும் கையில் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் வைத்தால் அதன் நிழலே தட்டில் விழுந்து சிக்னலை மறைக்கும். இந்த வெட்டின் காரணமாக, தட்டின் முகம் எங்கே பார்க்கிறதோ அதைவிட இருபது, இருபத்தைந்து டிகிரி மேலேயிருந்து வரும் சிக்னல்தான் எல்என்பியின் வாயில் போய் விழும்.

காரைக்குடிப் பக்கத்தில் 93.5 செயற்கைக்கோள் தரையிலிருந்து 69 டிகிரி உயரத்தில் இருக்கிறது. கழுத்தை நன்றாக அண்ணாந்தால்தான் அந்த இடம் கண்ணில் படும். தட்டோ நாற்பத்தைந்து டிகிரிதான் சாய்ந்திருப்பது போலத் தெரியும். டெல்லியில் இதே செயற்கைக்கோள் 52 டிகிரிதான். அங்கே தட்டுகள் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும், பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்று, எல்என்பியை நேராக மாட்டினால் நம் ஊரில் பாதிச் சேனல் வராது. பக்கவாட்டில் நன்றாகத் திருப்ப வேண்டும். வடநாட்டிலிருந்து வரும் கையேட்டைப் பார்த்து மாட்டுகிற பையன்கள் இங்கேதான் கோட்டை விடுவார்கள்.

ஊருணிக்கரை | செப்டம்பர் 27, இரவு 10:30

தேவகோட்டையில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தட்டுக்காரர் தம்பி சொன்னது முற்றிலும் சரி. அப்பத்தாவின் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். பாதிநம்பிக்கை தம்பியும் கேட்டுக்கொள்ளட்டும்.

அது நிற்கவில்லை. விழுந்துகொண்டேதான் இருக்கிறது.

உங்கள் வீட்டு மேல்மாடியில் நின்று ஒரு புளியங்கொட்டையைக் கையிலிருந்து விடுங்கள். முதல் ஒரு நொடியில் ஏறத்தாழ 5 மீட்டர் விழும். அதையே முன்பக்கமாக வீசி எறிந்தாலும், எவ்வளவு வேகமாக எறிந்தாலும், அந்த முதல் நொடியில் அது கீழே இறங்குவது அதே 5 மீட்டர்தான். தூரம்தான் கூடும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பூமி உருண்டை. நேர்கோட்டில் 8 கிலோமீட்டர் போனால் தரை சுமார் 5 மீட்டர் கீழே வளைந்து போயிருக்கும். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி போகிற தூரத்தில் பெரும்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் சேருங்கள். ஒரு நொடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் புளியங்கொட்டையை எறிய முடிந்தால், அது 5 மீட்டர் விழும்போது தரையும் 5 மீட்டர் விலகியிருக்கும். அடுத்த நொடியிலும் அப்படியே. விழுந்துகொண்டே இருக்கும், தரையைத் தொடாது. காற்று மட்டும் தடுக்காமல் இருக்க வேண்டும். அதற்காகத்தான் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேலே கொண்டுபோய் விடுகிறார்கள். ராக்கெட்டின் எரிபொருளில் பெரும்பங்கு உயரே ஏற்றுவதற்குச் செலவாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது இந்தப் பக்கவாட்டு வேகத்தைக் கொடுப்பதற்குத்தான் போகிறது.

மேலே போகப்போக ஈர்ப்பு குறையும், வேகமும் குறைவாகப் போதும், சுற்ற வேண்டிய பாதையோ நீளும். 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் சர்வதேச விண்வெளி நிலையம் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு சுற்று. 35,786 கிலோமீட்டர் போனால் வேகம் நொடிக்கு 3 கிலோமீட்டர்தான், ஒரு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம். பூமி தன்னைத்தானே ஒரு தடவை சுற்ற எடுக்கும் நேரமும் அதேதான். நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே, பூமி சுற்றும் அதே திசையில் அதை ஓடவிட்டால், நமக்கு ஓர் இடத்தில் நிற்பது போலத் தெரிகிறது. தேரை இழுத்துக்கொண்டு கூடவே நடக்கிறவனுக்குத் தேர் நகர்வதே தெரியாது அல்லவா, அப்படி.

பார்த்தவர் யார் என்று கேட்டீர்களே தம்பி. 36,000ல் இருப்பதை வெறும் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் விண்வெளி நிலையத்தை நீங்களே உங்கள் மொட்டைமாடியில் பார்க்கலாம். அது வரும் நேரத்தை இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். பொழுது சாய்ந்து அரை மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள், இல்லாவிட்டால் விடியலுக்கு முன்னால். நமக்கு இருட்டிவிட்டாலும் அந்த உயரத்தில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். சிமிட்டாமல், சத்தமில்லாமல், நல்ல பிரகாசமாக ஒரு வெளிச்சம் நாலைந்து நிமிடத்தில் வானத்தைக் கடந்து போகும். சில நாள் நடுவானத்திலேயே பொசுக்கென்று அணைந்துவிடும். பூமியின் நிழலுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். என் பேரன் முதல் தடவை அதைப் பார்த்துவிட்டுக் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டார்கள்.

பாதிநம்பிக்கை | செப்டம்பர் 27, இரவு 10:48

சரி சார். புளியங்கொட்டைக்கு மேல் எதிர்வாதம் கிடையாது. முக்கால் நம்பிக்கை ஆகிவிட்டேன். அதை மாடியில் பார்த்துவிட்டுப் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

ஊருணிக்கரை | செப்டம்பர் 27, இரவு 11:10

11 மணிச் சங்கதிக்கு வருகிறேன். செயற்கைக்கோள் ஓரிடத்தில் நிற்கிறது, சூரியன் தினமும் வானத்தைக் கடக்கிறது. வருடத்தில் சில நாட்கள், தட்டிலிருந்து பார்த்தால் சூரியன் அந்தச் செயற்கைக்கோளுக்கு நேர்பின்னால் வரும். சூரியன் ஒளியை மட்டும் கொட்டுவதில்லை, ரேடியோ அலைகளையும் கொட்டுகிறது. மேலேயிருந்து ஒவ்வொரு அலைவரிசைக்கும் அனுப்புகிற சக்தி நூறு, நூற்றைம்பது வாட்தான். நம் பழைய குண்டு பல்பு ஒன்றின் கணக்கு. அது 36,000 கிலோமீட்டர் தாண்டி, இந்தியா முழுக்கப் பரவி வருகிறது. தேர்த் திருவிழா மேளச் சத்தத்தில் காதோரம் பேசினால் எப்படிக் கேட்கும்? அவ்வளவுதான் விஷயம்.

செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே. நாம் அதிலிருந்து 10 டிகிரி வடக்கே இருப்பதால் சற்றே தெற்கு நோக்கிப் பார்க்கிறோம். அதனால் சம இரவு நாளான செப்டம்பர் 22, 23 அன்று சரியாக நேர்ப்படாது. நாலைந்து நாள் கழித்து, சூரியன் இரண்டு டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத் தெற்கே இறங்கியதும் நேர்ப்படும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் பக்கத்துக்கு செப்டம்பர் 27, 28தான் உச்சம், நேரம் 10:57 வாக்கில். டெல்லிக்காரர்களுக்கு அக்டோபர் முதல் வாரத்தில் வரும். மார்ச்சில் இதே மாதிரி 16ஆம் தேதியை ஒட்டி, 11:15 வாக்கில்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சின்னத் தட்டுக்குப் பார்வை அகலம். சூரியன் அதில் ஒரு சிறு பகுதியைத்தான் அடைக்கும். தட்டு சரியாகக் குறிவைத்து இருந்தால் படம் லேசாக உடைவதோடு தப்பித்துக்கொள்ளக்கூட இடம் உண்டு. உங்களுக்கு முழுதாக நிற்கிறது என்றால் தட்டு கொஞ்சம் விலகியிருக்கலாம். ஆட்டுக்கல்லை யாராவது அண்மையில் நகர்த்தினார்களா?

முகப்புத்திண்ணை | செப்டம்பர் 27, இரவு 11:31

சார், என்ன சொல்ல. போன வாரம் வத்தல் காயப்போட இடம் வேண்டும் என்று நான்தான் ஸ்டாண்டை ஓர் அடி தள்ளி வைத்தேன்.

தட்டுக்காரர் | செப்டம்பர் 28, காலை 6:20

பார்த்தீர்களா! தள்ளி வைத்தால் பரவாயில்லை, திரும்பக் கூடாது. 36,000 கிலோமீட்டர் தூரத்துக்கு ஓர் அடி ஒன்றுமே இல்லை. இரண்டு டிகிரி திரும்பினால் போச்சு.

இன்றைக்கு ஒரு வேலை செய்யுங்கள். இந்த நாளில் ஓசியில் கிடைக்கிற அளவுகோல் சூரியன்தான். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடித் துண்டைத் தட்டின் நடுவில் படியும்படி ஒட்டுங்கள். 10:50லிருந்து கவனியுங்கள். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெளிச்சப் பொட்டு எல்என்பியின் வாயில் எப்போது விழுகிறது என்று பாருங்கள். சார் சொன்ன 10:57க்கு விழுந்தால் தட்டு சரி. முன்னே பின்னே என்றாலோ, ஓரமாகப் போனாலோ, தட்டு அந்த அளவு விலகியிருக்கிறது. சூரியனையோ கண்ணாடியையோ நேராகப் பார்க்காதீர்கள், எல்என்பியை மட்டும் பாருங்கள்.

சிராங்கூன்ரோடு | செப்டம்பர் 28, காலை 7:45

சிங்கப்பூரிலிருந்து. பள்ளத்தூர்க்காரன். இழையை முழுக்கப் படித்தேன். ஒரு பழைய ஞாபகம்.

எங்கள் ஐயா கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து வியாபாரத்துக்குப் போன காலத்தில் ரங்கூனிலிருந்து கடிதம் கப்பலில் வந்துசேர வாரக்கணக்கு. என் அப்பச்சி காலத்தில் வெளிநாட்டு போன் வந்தது. அதில் ஒரு விநோதம் இருக்கும். நாம் "நல்லா இருக்கீகளா" என்று கேட்டுவிட்டு நிறுத்தினால் அந்தப் பக்கம் ஒன்றும் வராது. சரி, கேட்கவில்லை போல என்று மறுபடி ஆரம்பிக்கும்போது பதில் வந்து இடிக்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தி, காசு ஓடிக்கொண்டிருக்கும். ஆத்தா அதைச் சண்டை என்றே நினைத்துக்கொள்வார்.

பின்னாளில்தான் தெரிந்தது, அது செயற்கைக்கோள் வழியாகப் போன அழைப்பு. பேச்சு மேலே போய்க் கீழே வர கால் நொடி. பதிலும் அதே வழியில் வர இன்னொரு கால் நொடி. ஒளியின் வேகத்தில் போனாலே அவ்வளவு ஆகும், யாராலும் குறைக்க முடியாது. இன்றைக்கு நான் ஊருக்கு வீடியோவில் பேசுவது அநேகமாகக் கடலடிக் கேபிளில் போகிறது, அதனால் அந்த இடிபாடு இல்லை. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடலுக்கு அடியில் கேபிள் கிடக்கிறது. பலர் இன்னும் வாட்ஸ்அப் கால் எல்லாம் செயற்கைக்கோளில் போவதாக நினைக்கிறார்கள்.

வெள்ளைப்பணியாரம் | செப்டம்பர் 28, காலை 9:10

தொலையுணர்வுத் துறையில் பத்து வருடம் செயற்கைக்கோள் படங்களோடு மல்லுக்கட்டியவள், இப்போது காரைக்குடியில். சிராங்கூன்ரோடு அண்ணன் சொன்னதை வைத்தே தொடர்கிறேன்.

செயற்கைக்கோள் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் 500 கிலோமீட்டரில் இருப்பதற்கும் 36,000ல் இருப்பதற்கும் மாட்டுவண்டிக்கும் கப்பலுக்கும் உள்ள வித்தியாசம். எந்த உயரத்தில் விடுகிறார்கள் என்பதுதான் அது என்ன வேலை செய்யும் என்பதைத் தீர்மானிக்கிறது. டிவிக்குத் தட்டு அசையாமல் இருக்க வேண்டும், அதனால் 36,000. இணையத்துக்குக் கால் நொடித் தாமதம் ஆகாது, அதனால் ஸ்டார்லிங்க் போன்றவை 550 கிலோமீட்டர் வாக்கில். அவ்வளவு தாழ்வாக இருந்தால் ஒன்று சில நிமிடத்தில் தலைக்கு மேலே கடந்து போய்விடும், அதனால்தான் ஆயிரக்கணக்கில் விட வேண்டியிருக்கிறது. போனில் வழிகாட்டுகிற ஜிபிஎஸ் இரண்டுக்கும் நடுவில், 20,200 கிலோமீட்டரில்.

ஜிபிஎஸ் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. நம் போன் மேலே எதையும் அனுப்புவதில்லை. மேலே இருப்பவை 'இப்போது மணி இத்தனை, நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நாலு செயற்கைக்கோளின் குரல் எவ்வளவு தாமதித்து வருகிறது என்று பார்த்துப் போனே தன் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. அதனால் அதற்கு அணுக் கடிகாரம் வேண்டும். அந்த உயரத்தில் கடிகாரமே ஒரு நாளைக்கு ஒரு நொடியின் 10 லட்சத்தில் 38 பங்கு வேகமாக ஓடும். ஐன்ஸ்டைன் சொன்னது. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 10 கிலோமீட்டர் பிசகும், காரைக்குடியில் இருப்பவரைக் குன்றக்குடியில் காட்டும். நம் இஸ்ரோவின் நாவிக் வழிகாட்டி அமைப்புக்கும் இதே தத்துவம்தான். முதல் செயற்கைக்கோள் 2013ல் போனது. அதில் இருந்த வெளிநாட்டு அணுக் கடிகாரங்கள் மூன்றும் பழுதானதில் பட்ட அவதிக்குப் பிறகு, 2023 மே மாதம் போன என்விஎஸ்-01ல் இங்கேயே செய்த ரூபிடியம் கடிகாரத்தை வைத்தார்கள்.

முகப்புத்திண்ணை | செப்டம்பர் 28, காலை 9:34

ஆச்சி, அப்படியென்றால் ஒரு புகார். எங்கள் வீட்டுக்குக் கூரியர் கொண்டுவருகிற பையன் எப்போதும் பின்தெருவில் போய் நின்றுகொண்டு போன் செய்கிறான். இங்கேயிருந்து அங்கே போய்க் கதவைத் திறக்க நாலு நிமிடம் ஆகிறது. இதுவும் கடிகாரப் பிசகா?

வெள்ளைப்பணியாரம் | செப்டம்பர் 28, காலை 9:50

இல்லை, இது உங்கள் ஐயாவைப் பெற்றவர் வீடு கட்டிய பிசகு. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில் என்று கட்டிவிட்டார். வரைபடத்தில் வீட்டுக்கு வைக்கிற பொட்டு இரண்டாம் கட்டு முற்றத்தில் போய் விழுந்திருக்கும். அங்கிருந்து எந்தத் தெரு பக்கமோ அங்கே வண்டியை அனுப்பிவிடும். பொட்டை முகப்புக்கு இழுத்து வைத்துத் திருத்தம் அனுப்புங்கள்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். கூரைக்குக் கீழே பட்டாலையில் நின்று போனைத் திறந்தால் நீலப் புள்ளி தத்தளிக்கும், பக்கத்து வீட்டுக்குப் போய்வரும். அதே போனோடு முற்றத்தில் இறங்கி நில்லுங்கள், அடங்கிவிடும். வானம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கண்மாய்க்காரன் | செப்டம்பர் 28, காலை 10:05

கோனாபட்டுப் பக்கம் விவசாயம். டிவியும் போனும் சரி, எங்களுக்கு என்ன பிரயோசனம்? கண்மாயில் தண்ணீர் எவ்வளவு என்று மேலேயிருந்து தெரியுமாமே. தெரிந்தால் எங்கள் கண்மாயில் பாதி கருவேலங்காடு ஆகிவிட்டது என்பதும் தெரிந்திருக்க வேண்டுமே?

வெள்ளைப்பணியாரம் | செப்டம்பர் 28, காலை 10:40

அண்ணே, தெரியும். நன்றாகவே தெரியும். இது என் வேலை என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ரிசோர்ஸ்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் 817 கிலோமீட்டர் உயரத்தில் வடக்கு தெற்காகச் சுற்றுகின்றன. எப்போது கடந்தாலும் கீழே உள்ளூர் நேரம் காலை பத்தரை வாக்கில் இருக்கும்படி பாதையை அமைத்திருக்கிறார்கள். நிழல் ஒரே மாதிரி விழுந்தால்தான் இந்த மாதப் படத்தையும் போன மாதப் படத்தையும் ஒப்பிட முடியும். அதில் ஒரு கருவி 56 மீட்டர் கட்டமாக ஐந்து நாளைக்கு ஒரு தடவை பார்க்கும், இன்னொன்று 5.8 மீட்டர் வரை நுணுக்கமாகப் பார்க்கும்.

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் பதிவு செய்வதுதான் இதில் சூட்சுமம். தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும், படத்தில் கறுப்பாக விழும். பச்சை இலை அதைத் திருப்பி அடிக்கும், நாங்கள் அதற்குச் சிவப்பு நிறம் கொடுப்போம். முதன்முதலில் நம் மாவட்டத்துப் படத்தைத் திரையில் விரித்தபோது நான் சாப்பிடப் போகவே மறந்துவிட்டேன். கரை வளைவு வளைவாக, பிறைகளைக் கோத்தது மாதிரி, ஒன்றின் மறுகால் அடுத்ததற்குப் போகிற வரிசை அப்படியே தெரிந்தது. சில கண்மாய்களில் கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் சித்திரை மாதத்திலும் அடர் சிவப்பு. நெல் அந்த மாதம் நிற்காது. சீமைக் கருவேலம்தான் நிற்கும். ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: தெரிகிறது. வெட்டுவதற்கு மேலேயிருந்து ஆள் வராது.

ஐப்பசி கார்த்திகையில் மேகம் மூடிக்கொண்டால் இந்தப் படங்கள் உதவாது. அப்போது ரேடார் செயற்கைக்கோள், உதாரணமாக 2022 பிப்ரவரியில் போன இஓஎஸ்-04. அது தானே ரேடியோ அலையை அனுப்பி எதிரொலியைக் கேட்கும். மேகம், இருட்டு எதுவும் அதற்குக் கணக்கில்லை. தேங்கிய தண்ணீர் எதிரொலியை வேறு பக்கம் வழுக்கி அனுப்பிவிடுவதால் கறுப்பாகத் தெரியும்.

கண்மாய்க்காரன் | செப்டம்பர் 28, காலை 10:58

வெட்ட ஆள் வராது என்றீர்களே, அதுதான் உண்மை. ஆனால் கஜா புயலை நான் மறக்கவில்லை. 2018 நவம்பர் 16. வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் பக்கமாகவே வந்தது. மாட்டை அவிழ்த்துவிட்டு எல்லாரும் பள்ளிக்கூடத்தில் போய் இருந்ததால் உயிர் தப்பினோம், தென்னை தப்பவில்லை. அந்தச் சுழல் படத்தை முதல் நாளே டிவியில் காட்டினார்கள். அது எந்த உயரம்?

ஊருணிக்கரை | செப்டம்பர் 28, காலை 11:20

அதுவும் 36,000தான். இன்சாட்-3டி 2013லும், 3டிஆர் 2016லும் மேலே போனவை. அப்போது ஒவ்வொன்றும் அரை மணிக்கு ஒரு படம் எடுத்தது, மாற்றி மாற்றி எடுத்ததில் கால் மணிக்கு ஒன்று கிடைத்தது. ஒரே இடத்திலிருந்து விடாமல் பார்ப்பதால்தான் புயல் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது தெரிகிறது. கீழே சுற்றுவது நுணுக்கமாகப் பார்க்கும், ஆனால் அடுத்த தடவை அது வருவதற்குள் புயல் கரையேறிவிடும்.

பாதிநம்பிக்கை | செப்டம்பர் 28, பகல் 12:15

அப்போ நான் மாடியில் வத்தல் காயப்போட்டால் மேலேயிருந்து தெரியுமா?

வெள்ளைப்பணியாரம் | செப்டம்பர் 28, பகல் 12:40

வத்தல் தெரியாது, பாய் தெரியும். 2019 நவம்பரில் போன கார்ட்டோசாட்-3 சுமார் 500 கிலோமீட்டர் உயரத்திலிருந்து கால் மீட்டர் கட்டமாகப் பார்க்கும். ஆறடிப் பாய் ஒரு முப்பது கட்டம் இருக்கும். ஆனால் அது நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே எடுப்பது. உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எதிர்வீட்டு ஆச்சிக்குத்தான் அதற்கு நேரம் உண்டு.

முகப்புத்திண்ணை | செப்டம்பர் 28, பகல் 1:05

கண்ணாடிச் சோதனை செய்துவிட்டேன். அப்பத்தாவின் பழைய குங்குமச் சிமிழ் மூடியில் இருந்த கண்ணாடித் துண்டு. மாவுப் பசையில் ஒட்டினேன். பக்கத்து வீட்டுப் பையன் கீழே டிவி முன்னால், நான் மேலே.

10:52க்கு வெளிச்சப் பொட்டு எல்என்பிக்கு இடப்பக்கம் இரண்டு விரல் தள்ளி, ஸ்டாண்டின் குழாயில் விழுந்தது. மெல்ல நகர்ந்து வந்தது. 11:01க்குப் பையன் கீழேயிருந்து "உடையுது" என்று கத்தினான். 11:02க்குப் படம் போயிற்று. வெளிச்சம் எல்என்பியின் வெள்ளை மூடியில் முழுதாக ஏறியபோது மணி 11:04. அதாவது ஏழு நிமிடம் பிந்தியிருக்கிறது. கீழே படம் 11:07க்குத்தான் திரும்ப வந்தது.

தட்டுக்காரர் | செப்டம்பர் 28, பகல் 1:30

அப்படியென்றால் கிட்டத்தட்ட இரண்டு டிகிரி விலகல். 4 நிமிடத்துக்கு 1 டிகிரி சூரியன் நகரும். படமும் சார் சொன்ன நேரத்துக்குப் பிந்தித்தான் போயிருக்கிறது, ஏனென்றால் தட்டு பார்க்கிற இடத்துக்குச் சூரியன் வந்தபோதுதான் அதன் அலைகள் எல்என்பியில் விழுந்தன. செயற்கைக்கோள் இருக்கிற இடம் மாறவில்லை. உங்கள் தட்டுத்தான் வேறு பக்கம் பார்க்கிறது. நல்ல நாளில் மிச்சமிருக்கும் சிக்னலில் ஓட்டியிருக்கிறது, சூரியன் வந்ததும் தாங்கவில்லை.

இப்போது ஆட்டுக்கல்லை நகர்த்தாமல் தட்டின் பின்னால் இருக்கும் போல்ட்டை மட்டும் லூஸாக்கி, டிவியில் சிக்னல் பட்டையைப் போட்டுக்கொண்டு, நூல் நூலாகக் கிழக்கே திருப்புங்கள். ஒவ்வொரு தடவையும் கையை எடுத்துவிட்டு மூன்று நொடி காத்திருங்கள். பட்டை ஏறி இறங்க ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு நூல் பின்னால் வந்து முடுக்குங்கள். நானே வந்து பார்ப்பேன், ஆனால் இந்த வாரம் முழுக்க எனக்கு இதே போன்தான்.

இதையெல்லாம் சொல்லும்போது 2010 ஜூலைதான் ஞாபகம் வருகிறது. இதே 93.5ல் இருந்த இன்சாட்-4பி செயற்கைக்கோளுக்கு மின்சாரத்தில் கோளாறு. சூரியத் தகட்டிலிருந்து வர வேண்டியது வரவில்லை, பாதி அலைவரிசைகளை அணைத்துவிட்டார்கள். அதை நம்பியிருந்த தட்டுகளை எல்லாம் 91.5க்குத் திருப்ப வேண்டியதாயிற்று. இரண்டே டிகிரி. ஒரு மாடியில் இறங்கி அடுத்த மாடியில் ஏறி, அந்த மாதம் நான் வீட்டில் சோறு தின்ன நாள் குறைவு. மேலே போய் ரிப்பேர் பார்க்க ஆள் கிடையாது, கீழேதான் ஓட வேண்டும்.

ஊருணிக்கரை | செப்டம்பர் 28, மாலை 5:15

கோளாறு என்ற சொல்லிலேயே கோள் இருக்கிறது பாருங்கள்.

மின்சாரப் பேச்சு வந்ததால் இன்னொன்று. இதே நாட்களில் நடுராத்திரியை ஒட்டி அந்தச் செயற்கைக்கோளும் பூமியின் நிழலுக்குள் போய் வருகிறது, தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல். அதிகபட்சம் 72 நிமிடம். அப்போது சூரியத் தகடு வேலை செய்யாது, பேட்டரியில்தான் ஓட வேண்டும். நம் ஊரில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மின்வேதியியல் ஆய்வகத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம், பேட்டரி என்பது டார்ச் லைட்டுக்கு மட்டும் இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்வேன். பகலில் நமக்குப் படம் ஐந்து நிமிடம் போகிறது என்று புலம்புகிறோம். ராத்திரியில் மேலே இருட்டில் ஒரு மணி நேரம் அது படத்தை விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறது.

சிராங்கூன்ரோடு | செப்டம்பர் 28, இரவு 8:30

சார், கடைசியில் அதற்கு என்னதான் ஆகும்?

ஊருணிக்கரை | செப்டம்பர் 28, இரவு 8:55

சந்திரனும் சூரியனும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருப்பதால் அவ்வப்போது சிறு எரிபொருள் செலவழித்து இடத்துக்குத் திரும்ப வேண்டும். 12, 15 வருடத்தில் எரிபொருள் தீரும். தீருவதற்கு முன் கடைசிச் சொட்டில் ஒரு 300 கிலோமீட்டர் மேலே தள்ளி அணைத்துவிடுவார்கள், இடம் அடுத்ததற்கு. தாழ்வாகச் சுற்றுபவை காற்றில் உரசி இறங்கி எரிந்துபோகும். உங்கள் 93.5ல் 2015 நவம்பரிலேயே ஜிசாட்-15ஐக் கொண்டுபோய் நிறுத்தினார்கள், பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியான் ராக்கெட்டில்.

முகப்புத்திண்ணை | அக்டோபர் 1, பகல் 11:20

தாமதத்துக்கு மன்னிக்கவும். 28ஆம் தேதி சாயங்காலமே போல்ட்டைத் திருப்பினேன். சிக்னல் பட்டை 54லிருந்து 81க்கு ஏறியது. 29 அன்று 10:57க்கு வெளிச்சப் பொட்டு எல்என்பியின் மூடியில் நேராக ஏறியது. படம் இரண்டு நிமிடம் போல லேசாக உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. இன்று உடையவும் இல்லை.

அப்பத்தாவிடம் சூரியன்தான் காரணம் என்று விளக்கினேன். "நான் அன்னைக்கே வெயில்னு சொன்னேன்" என்றார். 450 ரூபாயை நினைவுபடுத்தவும் தவறவில்லை. மார்ச் 16ஐக் காலண்டரில் குறிக்கச் சொன்னார், குறித்துவிட்டேன். வத்தலுக்கு இனி முற்றம்தான்.